ஒன்பது முறை பார்த்து ஒரு மாதத்தைச் சொல்வது

(குறுவள மையக் கூட்டத்தில் கணித ஆசிரியர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புள்ளியியல் இயலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பத்தாம் வகுப்பில் அது கடைசி இயல். நம்மில் பலர் அதைத் திருப்புதல் தேர்வு நெருக்கடியில்தான் தொடுகிறோம். சூத்திரத்தைப் பலகையில் எழுதி, நாலு கணக்குப் போட்டு, "இதுல ஒரு அஞ்சு மார்க் உறுதிப்பா" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். திட்ட விலக்கம் கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அது எதற்கு என்று தெரிவதில்லை.

ஒரு நாள் செய்தித்தாளில் வந்த ஒரு வரியை வகுப்பில் வாசித்தோம். 2022ஆம் ஆண்டில் கடல் மீன்பிடிப்பில் இந்தியாவிலேயே தமிழ்நாடு முதலிடம், 7.22 லட்சம் டன் என்று இருந்தது. பின்வரிசையில் ஒரு பையன், "டீச்சர், இத யாரு எடை போட்டது?" என்றான். சிரிப்புக்காகக் கேட்டான். ஆனால் இயல் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அதற்குப் பதில் தேடிப் படித்ததைத்தான் இன்று பகிர்ந்துகொள்கிறேன்.

குடுமியான்மலைக்குக் கடல் தூரம். ஆனால் நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடல் உண்டு. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி என்று பாக் விரிகுடாவை ஒட்டி ஏறத்தாழ 42 கிலோமீட்டர் கரை. அங்கே விசைப்படகும் இறங்குகிறது, நாட்டுப்படகும் இறங்குகிறது. காரல், நண்டு, இறால், சாளை என்று கலந்து வருகிறது. ஒரு படகு கரைசேர்ந்த சிறிது நேரத்தில் கூடை ஏலம் போய், ஐஸ் பெட்டிக்குள் ஏறி, வண்டி கிளம்பிவிடுகிறது. இந்தியக் கடற்கரையில் இப்படி மீன் இறங்கும் இடங்கள் 1,200-க்கும் மேல். எல்லா இடத்திலும் எல்லா நாளும் ஆள் நிறுத்தி எடை போட எந்த அரசாலும் முடியாது.

முடிகிற ஊரும் உண்டு. அமெரிக்காவின் அலாஸ்காவில் சால்மன் மீன் பெருந்தொழில். அங்கே மீனவர் உரிமம் பெற்ற வியாபாரியிடம் மீனை விற்கும்போதே ஒரு சீட்டு எழுதப்படுகிறது. எந்தப் படகு, எந்த வலை, எந்தப் பகுதி, எந்த இனம், எத்தனை மீன், எத்தனை எடை எல்லாம் அந்தச் சீட்டில் வந்துவிடும். அதைக் கூட்டினால் பிடிப்பு தெரியும். வியாபாரிகளும் ஆலைகளும் ஆண்டு முடிவில் என்ன செய்து என்ன விலைக்கு விற்றோம் என்று தனி அறிக்கை தருகிறார்கள். அதிலிருந்து உற்பத்தியும் மதிப்பும் தெரியும். இது நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மாதிரி, ஒன்று விடாமல் எண்ணுவது. சால்மனில் இனங்கள் குறைவு, வாங்குகிறவர்களும் குறைவு என்பதால் அது அங்கே நடக்கிறது. நம் கரையில் ஒரு கூடைக்குள்ளேயே பத்து வகை மீன் கிடக்கும். பாதிக் கூடை வீட்டுக் குழம்புக்கே போய்விடும். சீட்டு எழுதச் சொன்னால் எழுதுகிறவர் பைத்தியம் பிடித்து ஓடிவிடுவார்.

ஆக நமக்குக் கூறெடுப்புதான் வழி. இதை வகுத்தவர்கள் நம் நாட்டுப் புள்ளியியலாளர்கள் என்பதைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். பி. வி. சுகாத்மே, பான்சே, சாஸ்திரி மூவரும் இந்தியக் கடல்மீன் பிடிப்பை மதிப்பிடும் கூறெடுப்பு முறையைப் பற்றி 1958இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அந்த வேலையை இன்று செய்துவருவது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம். அது 1947 பிப்ரவரி 3 அன்று பக்கத்து இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முகாமில்தான் தொடங்கப்பட்டது. தலைமையிடம் 1971இல் கொச்சிக்குப் போனது.

முறை என்ன? நமக்கெல்லாம் தெரிந்த பழமொழி ஒன்று இருக்கிறது, ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். கூறெடுப்பை விளக்க நான் பல ஆண்டுகள் இதைத்தான் சொல்லிவந்தேன், இன்றும் சொல்கிறேன். ஆனால் பழமொழி எங்கே பொருந்தும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பானை ஒன்று, தண்ணீர் ஒன்று, தீ ஒன்று, கிண்டியும் விட்டிருக்கிறோம். அதனால் ஒரு பருக்கை போதும். கடல் அப்படி இல்லை. காசிமேட்டுக்கும் ஒரு சின்னக் குப்பத்துக்கும் ஒரே பருக்கை எடுக்க முடியாது. அதனால் முதலில் பானைகளைப் பிரிக்கிறார்கள். கரையை மண்டலங்களாகப் பிரிப்பது இடப் பிரிப்பு. ஆண்டை மாதங்களாகவும் மாதத்தைப் பத்துப் பத்து நாளாகவும் பிரிப்பது காலப் பிரிப்பு. காசிமேடு, தூத்துக்குடி மாதிரி பெரிய துறைமுகங்கள் தனித்தனி மண்டலம், அங்கே மாதத்தில் பாதிக்கு மேற்பட்ட நாள்கள் ஆள் நிற்பார். சின்னச் சின்ன இறங்குதளங்கள் பல சேர்ந்தது இன்னொரு வகை மண்டலம். அங்கேதான் கணக்கு சுவையாகிறது.

மாதத்தின் முதல் ஐந்து நாள்களிலிருந்து ஒரு தேதியைச் சமவாய்ப்பில் எடுப்பார்கள். 4 விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். 4 முதல் 9 வரை ஆறு நாள்கள், அதை (4, 5), (6, 7), (8, 9) என்று மூன்று சோடியாக்குவார்கள். அடுத்த பத்து நாளில் பத்தைக் கூட்டி (14, 15), (16, 17), (18, 19). அதற்கடுத்து (24, 25), (26, 27), (28, 29). மொத்தம் ஒன்பது சோடி. மண்டலத்தில் உள்ள இறங்குதளங்களிலிருந்து ஒன்பதைச் சமவாய்ப்பில் எடுத்து ஒவ்வொரு சோடிக்கும் ஒன்று ஒதுக்குவார்கள். ஒரே தளம் இரண்டு முறை வந்தாலும் வரலாம்.

களப்பணியாளர் முதல் நாள் பகல் 12 மணிக்குப் போய் மாலை 6 வரை நிற்பார். மறுநாள் காலை 6 மணிக்கு வந்து 12 வரை நிற்பார். இடைப்பட்ட இரவில் எத்தனை படகு வந்தது, என்ன கிடைத்தது என்பதைக் கரையில் விசாரித்து எழுதுவார். ஆக இரண்டு நாள் அரை அரையாக நின்று ஒரு முழு நாளைக் கட்டுகிறார்.

படகு 15 வரை வந்தால் எல்லாப் படகையும் பார்ப்பார். அதற்கு மேல் போகப் போக விகிதம் குறையும். 20 முதல் 29 வரை என்றால் இரண்டில் ஒன்று, 30களில் மூன்றில் ஒன்று, 40களில் நான்கில் ஒன்று, 50க்கு மேல் ஐந்தில் ஒன்று. மீனைத் தராசில் வைப்பதில்லை. கூடை எல்லாம் ஒரே அளவு, ஒரு கூடை என்ன எடை என்பது தெரியும், கூடையை எண்ணுவார். 40 படகு வந்தது, 10 படகு பார்த்தார், 10 படகிலும் சேர்த்து 1,850 கிலோ என்றால் படகுக்குச் சராசரி 185 கிலோ, 40 படகுக்கு 7,400 கிலோ. ஏழாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு.

மண்டலத்தில் 12 இறங்குதளம், மாதத்தில் 30 நாள் என்றால் 360 'தள நாள்'கள். பார்த்தது ஒன்பது. இரண்டரை சதவீதம். ஒன்பதின் சராசரி 4 டன் என்றால் மாத மதிப்பீடு 1,440 டன். இந்த இடத்தில் வகுப்பு நம்பாது. நம்பவும் கூடாது. நான் பலகையில் இரண்டு வரிசை எழுதுவேன்.

முதல் மண்டலம்: 3, 4, 5, 4, 3, 4, 5, 4, 4.
இரண்டாம் மண்டலம்: 0, 0, 12, 0, 1, 0, 20, 3, 0.

இரண்டுக்கும் கூடுதல் 36, சராசரி 4. இரண்டுக்கும் மதிப்பீடு அதே 1,440 டன். எதை நம்புவாய்? எதையும் கணக்கிடாமலேயே எல்லாரும் முதல் வரிசை என்பார்கள். ஏன் என்று கேட்டால், "அது ஒரே மாதிரி இருக்கு டீச்சர்" என்பார்கள். அந்த 'ஒரே மாதிரி'க்குத்தான் எண் வேண்டும் என்று சொல்லிவிட்டுத் திட்ட விலக்கத்தைத் தொடங்குங்கள். முதலாவதற்கு 0.67, இரண்டாவதற்கு 6.75. மாறுபாட்டுக் கெழு ஒன்றில் சுமார் 17 சதவீதம், இன்னொன்றில் சுமார் 169 சதவீதம். பாடநூலில் இருக்கும் அதே சூத்திரம்தான். ஆனால் இப்போது அது ஒரு கேள்விக்குப் பதிலாக வருகிறது.

பத்து நாள் இடைவெளிக்கு வருகிறேன். இது ஏன் ஏழு நாளாக இல்லை என்று யோசித்துப் பார்த்தேன். பாக் விரிகுடாப் பகுதியில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு என்று ஓர் ஏற்பாடு நெடுங்காலமாக இருக்கிறது. ஏழு நாளுக்கு ஒரு முறை போகிற கணக்காளர் எப்போதும் ஒரே கிழமையில்தான் போய் நிற்பார். அது விசைப்படகு இறங்கும் கிழமையானால் மாவட்டமே மீனில் மிதப்பதாக எழுதுவார், இல்லாவிட்டால் மீனே இல்லை என்று எழுதுவார். இரண்டும் கண்ணால் பார்த்த உண்மைதான், இரண்டும் தப்பான விடைதான். பத்து நாள் தள்ளிப்போனால் கிழமை மாறிக்கொண்டே இருக்கும். 4ஆம் தேதி திங்கள் என்றால் 14 வியாழன், 24 ஞாயிறு. மேலே சொன்ன பதினெட்டு நாள்களை எழுதி எண்ணிப் பாருங்கள், ஒவ்வொரு கிழமையும் இரண்டு முறையோ மூன்று முறையோ வந்துவிடும். பத்துக்கும் ஏழுக்கும் பொதுக் காரணி இல்லை என்பது எவ்வளவு வேலை செய்கிறது! மீப்பெரு பொதுக் காரணி எதற்கு என்று கேட்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இதைச் சொல்லலாம்.

பெயர் ஒரு தனித் தொல்லை. சென்னையில் 'சீலா' என்று கேட்டால் ஊளி வகை மீனைத் தருவார்கள். தூத்துக்குடிப் பக்கம் சீலா என்றால் வஞ்சிரம். வஞ்சிரத்துக்கு நெய்மீன் என்றும் பெயர். நம் ஊர்க் 'காலா' மீனைச் சந்தையில் இந்தியன் சால்மன் என்று விற்கிறார்கள், அதற்கும் அலாஸ்கா சால்மனுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. களப்பணியாளருக்கு எண்ணத் தெரிந்தால் மட்டும் போதாது, இனம் பிரிக்கவும் தெரியவேண்டும். அறிவியல் ஆசிரியர்கள் இருசொற் பெயரிடுதலை நடத்தும்போது இந்த எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும்? கேரளக் கரையில் 2012இல் மத்தி ஏறத்தாழ நான்கு லட்சம் டன் இறங்கியது. நாம் சாளை என்கிற அதே மீன். 2021இல் இறங்கியது 3,297 டன். நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆண்டாண்டாக ஒரே முறையில் எடுத்த கணக்கு இருந்ததால்தான் 'இந்த வருஷம் கொஞ்சம் கம்மி' என்கிற பேச்சு ஓர் எண்ணாக மாறியது. 2015இல் கேரள அரசு பத்து சென்டிமீட்டருக்குச் சிறிய மத்தியைப் பிடிக்கத் தடை போட்டதற்குப் பின்னாலும் இத்தகைய கணக்கு இருக்கிறது.

எண் இருந்தும் ஏமாந்த கதையும் உண்டு. கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையில் காட் மீன் பெருமளவு கிடைத்துவந்தது. பெரிய கப்பல்களின் பிடிப்பு நன்றாகவே இருந்தது, அதனால் கடலில் மீன் நிறைய இருக்கிறது என்று கணக்கிட்டார்கள். உண்மையில் மீன் குறைந்து, மிச்சமிருந்தது ஓரிடத்தில் கூடியிருந்தது. கப்பல்களின் கருவிகள் அதைத் தேடிப் போய்ப் பிடித்தன. கரையோரச் சின்னப் படகுக்காரர்கள் மீன் இல்லை என்று முன்பே சொன்னார்கள். 1992 ஜூலை 2 அன்று அங்கே காட் மீன்பிடிப்பையே நிறுத்தினார்கள். 30,000-க்கும் மேற்பட்டோருக்கு வேலை போனது. எவ்வளவு பிடித்தோம் என்பதோடு எத்தனை படகு, எத்தனை மணி நேரம் உழைத்துப் பிடித்தது என்பதையும் எழுதவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. நம் களப்பணியாளரின் படிவத்திலும் அந்த உழைப்புக்கு இடம் உண்டு.

மேலிருந்து எண்ணை ஊதிப் பெருக்குவதும் நடக்கும். சீனா தன் பிடிப்பை மிகையாகச் சொல்லிவந்ததால் உலகப் பிடிப்பு வளர்வது போலத் தோன்றியது என்றும், அதைச் சரிசெய்து பார்த்தால் 1980களின் பிற்பகுதியிலிருந்து உலகப் பிடிப்பு இறங்குமுகம் என்றும் வாட்சன், பாலி என்ற இரு ஆய்வாளர்கள் 2001இல் காட்டினார்கள். அங்கே கீழ்நிலை அதிகாரிகளின் பதவி உயர்வு உற்பத்தி எண்ணோடு கட்டப்பட்டிருந்தது ஒரு காரணம் என்றார்கள். எமிஸ் தளத்தில் நாள்தோறும் எண் ஏற்றும் நாம் இதை மற்றவர்களைவிடக் கொஞ்சம் சீக்கிரமாகவே புரிந்துகொள்வோம் என்று நினைக்கிறேன்.

நம் நாட்டிலேயே இரண்டு எண் புழங்குகிறது. 2022இல் கடல்மீன் தரையிறக்கம் 34.9 லட்சம் டன் என்கிறது கடல் மீன்வள நிறுவனம். 2022-23இல் கடல்மீன் உற்பத்தி 44.32 லட்சம் டன் என்கிறது ஒன்றிய அரசின் மீன்வளத் துறை. பிள்ளைகள் உடனே ஒன்று பொய் என்பார்கள். ஒன்று ஆண்டுக்கணக்கு ஜனவரியில் தொடங்குவது, மற்றது ஏப்ரலில். ஒன்று நிறுவனம் தானே கூறெடுத்தது, மற்றது மாநிலங்கள் அனுப்பியதைத் தொகுத்தது. ஒன்று தீவுகளைச் சேர்க்காது, மற்றது சேர்க்கும். தரையிறக்கம், பிடிப்பு, உற்பத்தி மூன்றும் ஒன்றல்ல, கடலிலேயே வீசிவிட்டு வந்த மீன் பிடிப்பில் உண்டு, தரையிறக்கத்தில் இல்லை. எண்ணைப் பார்த்ததும் 'எது, எங்கே, எப்போது, யார்' என்று நாலு கேள்வி கேட்கப் பழக்கிவிட்டால் போதும்.

அதே 2022-23இல் நாட்டின் மொத்த மீன் உற்பத்தி 175.45 லட்சம் டன். அதில் 131.13 லட்சம் டன் உள்நாட்டு மீன், அதாவது நான்கில் மூன்று பங்கு. கடலுக்காவது ஒன்பது சோடி நாள் உண்டு. நம் கண்மாயில் பிடிபடும் மீனை யார் எண்ணுகிறார்கள்?

இங்கேதான் நாமே செய்து பார்க்க ஒரு வேலை இருக்கிறது. கோடையில் தண்ணீர் வற்றியதும் நம் பகுதிக் கண்மாய்களில் மீன்பிடித் திருவிழா நடப்பது உங்களுக்குத் தெரியும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் சுற்றுப்பட்டிச் சனமெல்லாம் ஊத்தா, கச்சா, வலையோடு உள்ளே இறங்கும். விரால், கெண்டை, கட்லா, ஜிலேபி, கெளுத்தி எல்லாம் கிடைக்கும். ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். படிவம் ஒன்று தயாரித்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கரைமேல் மூன்று குழுவாக நிறுத்தினேன். தண்ணீரில் யாரும் இறங்கக்கூடாது, பெற்றோர் ஒருவர் ஒவ்வொரு குழுவோடும் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. கரையேறி வருகிறவர்களில் ஐந்தாவது ஆள், பத்தாவது ஆள் என்று நிறுத்தி, பையில் என்ன மீன், எத்தனை, தோராயமாக என்ன எடை என்று எழுதவேண்டும். ஒரு குழு உள்ளே இறங்கிய தலைகளை எண்ணவேண்டும்.

மடைப்பக்கம் நின்ற குழுவின் சராசரி, கலிங்குப் பக்கம் நின்ற குழுவைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு வந்தது. மடைப்பக்கம் பள்ளம், மீன் ஒதுங்கும் இடம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்கலாமா என்று வகுப்பில் அரைமணி நேரம் சண்டை. மடை வழி ஏறியவர் எத்தனை பேர், கலிங்கு வழி ஏறியவர் எத்தனை பேர் என்று தெரியாமல் வகுக்கக்கூடாது என்று ஒரு பெண்பிள்ளை எழுந்து சொன்னாள். அடுக்குக் கூறெடுப்பு என்ற சொல்லை நான் அதற்குப் பிறகுதான் பலகையில் எழுதினேன்.

படிவத்தில் நான் எதிர்பார்த்து இடம்விடாத ஒன்றும் வந்தது. ஒரு பையன் தன் அப்பத்தாவையே நிறுத்திப் பையைக் காட்டச் சொல்லியிருக்கிறான். "எண்ணாதடா, கண்ணு பட்டுரும்" என்று முந்தானையால் மூடிக்கொண்டு போய்விட்டார். இன்னொருவர், "எதுக்கு எழுதுற, வரி போடவா?" என்று கேட்டிருக்கிறார். காட்ட மறுத்தவர்கள் பெரும்பாலும் பை கனத்தவர்கள் என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். அப்படியானால் நம் சராசரி உண்மையைவிடக் குறைவா, கூடுதலா? இந்தக் கேள்வி எந்தப் பாடநூலிலும் இல்லை. கோட்டைப்பட்டினத்தில் இரவுப் பிடிப்பை விசாரித்து எழுதும் களப்பணியாளர் இதை மாதம் ஒன்பது முறை சமாளிக்கிறார்.

எங்கள் ஊர் மேலைக்கோயிலுக்குப் பக்கத்துப் பாறையில் ஏழாம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டு இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். சுரங்களை வரிசை வரிசையாக, அட்டவணை போலவே வெட்டியிருக்கிறார்கள். மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. நாங்கள் படிவத்தை அந்தப் பாறையடியில் உட்கார்ந்துதான் வரைந்தோம். நிழல் நன்றாக இருக்கும், அவ்வளவுதான் காரணம்.

படிவம் ஒரே பக்கம். நகல்கள் மேசைமேல் வைத்திருக்கிறேன். மறுத்தவர்களுக்கு ஒரு கட்டம் இப்போது சேர்த்திருக்கிறேன், பையின் அளவைக் கண்ணால் பார்த்துச் சிறிது, நடுத்தரம், பெரிது என்று குறிக்கலாம். இந்த ஆண்டு உங்கள் ஊர்க் கண்மாய் அழியும் தேதி தெரிந்ததும் சொல்லுங்கள். ஒரே கண்மாயில் இரண்டு பள்ளிப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளாமல் தனித்தனியாகக் கணக்கெடுத்தால் இரண்டு எண்ணும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று பார்க்கலாம். கலிங்குப் பக்கத்தை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.